படம் எடுக்கும்போது யாரும் பேசக் கூடாது

எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது ஒரே ஒரு இடத்தில்தான். சமையலறைப் பின்கதவு. அதுவும் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரைக்கும்தான். அதற்கு முன்னால் பின்வீட்டுச் சுவர் மறைக்கும். அதற்குப் பிறகு வெயில் நேரே இறங்கி, சோற்றைச் சுண்ணாம்பாக்கிவிடும். முன்பக்கம் காருக்குத் தகரக் கூரை போட்டதோடு பகலிலேயே விளக்குப் போட வேண்டிய நிலைமை. ஆக, ஒரு நாளைக்கு எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் பார்த்துத்தான் இந்த வீட்டில் அத்தனை பேருக்கும் வயிறு பசிக்கும்.

பிரவீணா என்கிற என்னை வீணா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் ரூபேந்திரனுக்குச் சிங்கப்பூரில் இரவு வேலை. எல்லையில் காஸ்வே பாலத்து நெரிசலைக் கடந்து, மலேசியாவில் மாசாயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர மணி ஒன்பதரை ஆகும். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அடுப்படிக்கு வந்து சட்டி மூடியைத் திறப்பார். மாமனார் ஐயாசாமிக்குச் சர்க்கரை நோய்; பத்தரைக்கெல்லாம் ஏதாவது வாயில் போட்டாக வேண்டும். மகள் ஷர்மினிக்கு ஒன்பது வயது, பள்ளி விடுமுறை. அவளுக்குப் பசி என்றுகூட இல்லை. கண்ணில் பட்டது வாய்க்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இவர்களை வைத்துக்கொண்டு நான் சாப்பாட்டைப் படம் எடுக்கப் பழகுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்ததில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். மற்றதெல்லாம் யூடியூப். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா அக்கா சுட்ட முறுக்கைப் படம் எடுத்துக் கொடுத்தேன். அது வாட்ஸ்அப்பில் ஹேன்போன் ஹேன்போனாகச் சுற்றி, கடைசியில் நிர்மலாதேவி அக்கா கண்ணில் பட்டது. அவர் ஜொகூர் பாருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இரண்டாவது கடை திறக்கப் போகிறார்.

"நுனி இலை போட்டு, முழுச் சாப்பாட்டையும் பரிமாறி, ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பும்மா. சனிக்கிழமைக்குள்ள வேணும். எனக்குப் புடிச்சிருந்தா புதுக் கடை மெனு பூராவும் உனக்குத்தான்" என்றார்.

அறுபத்து நான்கு வகைப் பதார்த்தம். அத்தனையும் நான் எடுத்த படமாகக் கடைச் சுவரில் இருக்கும். "வீட்டுல சும்மாதான் இருக்கியா?" என்று எட்டு மாதமாகக் கேட்கிறவர்களுக்குக் காட்ட எனக்கு ஒன்று இருக்கும். அந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஷர்மினியின் படிப்பு மேசையை இழுத்துப் பின்கதவு ஓரம் போட்டு, இலை விரித்து, எல்லாவற்றையும் பரிமாறி, நாற்காலி மேல் ஏறி நின்று கேமராவுக்குள் பார்க்கிறேன். ஒரு கை வருகிறது. ரோமக் கை. பொரித்த மீனின் வாலை ஒடித்துக்கொண்டு போகிறது.

"என்னங்க பண்றீங்க!"

"வாலுதானே, வீணா. தலை இருக்குலா."

"தலை மட்டும் இருந்தா அது மீனா?"

"சாப்பாட்டுக் கடைக்குத்தானே? யாரோ சாப்பிடுற மாதிரி இருந்தா நல்லாதான் இருக்கும்" என்று மென்றுகொண்டே சொன்னார். மீன் அன்றைக்கு அந்த ஒன்றுதான். வேறு மீன் வாங்கிப் பொரிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். அப்பளம் பொரித்து வைத்த ஐந்தாவது நிமிடம் துணி மாதிரி தொங்கியது. மூன்று தடவை பொரித்தேன். மாமா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"யாரும்மா சாப்பிடப் போறாங்க?"

"யாரும் இல்ல மாமா. படத்துக்கு."

"அப்ப நாம எப்ப சாப்பிடுறது?"

"படம் எடுத்ததும்."

"ஆறிடுமேம்மா."

"ஆறட்டும் மாமா!"

அவர் நகரவில்லை. லோரி ஓட்டிய காலத்தில் சிகாமட் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்ட மீன் கறியைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்தார். அவர் நிழல் இலையின் பாதியில் விழுந்து கிடந்தது. நகரச் சொன்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவார். நிழலும் கூடப் போகும். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

புதன்கிழமை வெளிச்சத்தைத் திருப்பிவிட வைத்திருந்த வெள்ளைப் பாலிஸ்டைரின் அட்டையைக் காணோம். தேடினால் ஷர்மினி அதை வட்ட வட்டமாக வெட்டி வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குச் சூரியக் குடும்பமாம். "சனிக்கு வளையம் வேணும்மா, மிச்சம் இருக்கா?" என்று என்னையே கேட்டாள். அன்றைக்கும் படம் போச்சு.

வியாழக்கிழமைதான் எல்லாம் கூடி வந்தது. வெயிலும் வந்தது, அப்பளமும் நின்றது, மீனுக்கு வால் இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தேன். மூன்று பேரும் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

"கத்தரிக்காய் அட்டை மாதிரி கிடக்கு வீணா" என்றார் ரூபேந்திரன்.

"அவரைக்காய்ல உப்பு பத்தாத மாதிரி தெரியுது" என்றார் மாமா. பார்த்தாலே உப்பு தெரிகிற கண் அவருக்கு!

"அம்மா, சோத்துல முடி" என்றாள் ஷர்மினி.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. நாற்காலியிலிருந்து குதித்தேன். கேமராவை மேசையில் வைத்தேன், வைத்தேன் என்ன, போட்டேன். இலையை அப்படியே சோறோடு மடித்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் திணித்தேன். மாமா "ஐயோ, சோறும்மா" என்றது காதில் விழுந்தது.

"ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது! நான் படம் எடுக்கிறப்ப ஒருத்தரும் கருத்து சொல்லக் கூடாது! நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. இல்லாட்டி வாயை மூடிக்கிட்டுப் போங்க! என் வாழ்க்கையில ஒரு காரியம், ஒரே ஒரு காரியம் உருப்படியா பண்ண விடுறீங்களா?"

இன்னும் நிறைய சொன்னேன். எல்லாவற்றையும் எழுத முடியாது. கிருஷ்ணம்மா அக்கா வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது. சோற்றில் முடி இருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல அதுவா நேரம்?

அன்றைக்கு முழுக்க நான் அடுப்பைத் தொடவில்லை. அவர்கள் மேகி போட்டுத் தின்றார்கள். மறுநாள் சமைத்தேன், பேசவில்லை. தட்டுகளை வைத்த சத்தம்தான் பேச்சு.

சனிக்கிழமை காலையில் கிருஷ்ணம்மா அக்கா வீட்டுப் பின்பக்கத்து வாழையில் புது நுனி இலை ஒன்று அறுத்து வந்தேன். நுனி இடது கைப் பக்கம் வரும்படி விரித்துத் துடைத்தேன். சோறு, பருப்பு, கோழிப் பெரட்டல், பொரித்த மீன், கத்தரிக்காய், அவரைக்காய், ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், ஓரத்தில் ரசம். கோழி மேல் தூரிகையால் எண்ணெய் தடவினேன். ஒவ்வொரு பருக்கையையும் பார்த்தேன். முடி இல்லை.

வீட்டில் ஒரு சத்தம் இல்லை. டிவியை ஊமையாக்கி வைத்துக்கொண்டு மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். ரூபேந்திரன் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார், சட்டி பக்கம் வரவே இல்லை. மாமா தாமே பிஸ்கட் எடுத்து, அதைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்காமல் தேநீரில் நனைத்துத் தின்றார். இந்த வீட்டுக்கு நான் வாழ வந்து பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

நாற்பது படம் எடுத்தேன். அதில் ஒன்று பளிச்சென்று விழுந்தது; அதை ஹேன்போனுக்கு மாற்றினேன். கோழி மினுங்கியது, ரசத்தில் ஆவிகூடத் தெரிந்தது. ஒரே ஒரு குறைதான். எங்கள் பின்கதவு வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வருகிறது. சாப்பாட்டுப் படத்துக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால்தான் கண்ணுக்கு இதம் என்று யூடியூபில் பாடம் எடுக்கிற ஆள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஹேன்போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பிக்கொள்ளும். தட்டினேன். அவர் சொன்னது சரிதான், இன்னும் அழகாக இருந்தது.

முன்னறைக்குப் போய்க் காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர் மகன் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

ரூபேந்திரனும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் படத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கு வீணா. அனுப்பிடு."

"நல்லா இருக்கும்மா" என்றாள் ஷர்மினியும்.

அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நிர்மலாதேவி அக்காவிடமிருந்து பதில் வந்தது. "சூப்பர்மா! திறப்பு விழா அழைப்புலயே போட்டுடறேன்!" என்று எழுதி, கூடவே நிறைய இதயங்கள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு மத்தியானம் எல்லோருக்கும் நானே பரிமாறினேன். சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தார்.

"பிரவீணா, உனக்கு என் மேல ஏதும் கோவமாம்மா?"

"ஐயையோ, ஏன்க்கா?"

"நேத்து சாயங்காலம் உன் படத்தைத் திறப்பு விழா அழைப்புல போட்டு எல்லாருக்கும் அனுப்பிட்டேன். நானும் அவசரத்துல சரியா பார்க்கலை. பொந்தியான்லேர்ந்து என் சின்ன மாமியார் போன் பண்ணி, யார் தவறிட்டாங்கன்னு கேக்குறாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இலையைப் பாரும்மா. நுனி எந்தப் பக்கம் இருக்கு?"

படத்தை எடுத்துப் பார்த்தேன். நுனி வலது பக்கம். உட்காருகிறவருக்கு இடது கைப் பக்கம் நுனி வர வேண்டும். பந்தியில் இலை போடக் கற்றுக்கொண்ட வயதிலிருந்து எனக்கு இது தெரியும். மாற்றிப் போடுவது கருமாதி வீட்டில். மேசையில் நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். வெளிச்சத்துக்காகப் படத்தைத் திருப்பியபோது இலையும் சேர்ந்து திரும்பிக்கொண்டது. மினுக்கத்தைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், ஆவியைப் பார்த்தேன். இலையைப் பார்க்கவில்லை.

"அக்கா, அது ஹேன்போன்ல திரும்பிடுச்சுக்கா. ஒரு தட்டு தட்டினா சரியாயிடும். இப்பவே அனுப்புறேன்க்கா."

"வேணாம்மா. அந்தச் சாப்பாட்டை இனிமே எந்தப் பக்கம் திருப்பினாலும் எங்க வீட்டு ஆளுங்க நல்ல கண்ணால பார்க்க மாட்டாங்க. புதுசா சமைச்சு, புது இலை போட்டு எடு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள அனுப்பு. மாத்தி அழைப்பு அனுப்பியாகணும். முடியலைன்னா சொல்லிடு, வேற ஆள் பார்த்துக்குறேன். என்னம்மா நீ, வீட்டுல இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தர் கண்ணுலகூடவா படலை?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

சனி இரவு வேலை இல்லாததால் ரூபேந்திரன் வெளியே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமா வாசல் நாற்காலியில் இருந்தார். நான் படத்தை நீட்டினேன்.

"இதைப் பார்த்தீங்களா நேத்து?"

அவர் குழாயை மூடினார். எதற்குக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பார்த்தேன்" என்றார்.

"பார்த்துட்டு, நல்லா இருக்குன்னு சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உனக்கே தெரியும்லா."

"என்ன ஆகியிருக்கும்?"

"இப்ப ஆகுறதுதான்."

"மாமா, நீங்களும் பார்த்தீங்களா?"

மாமா வேட்டி முனையைச் சரி செய்தார். "இந்தக் காலத்துல அப்படியும் போடுவாங்களோன்னு நினைச்சேன்ம்மா" என்றார். பொய். தெருவில் யார் வீட்டுப் பந்தியில் இலை கோணலாக இருந்தாலும் எழுந்து போய்த் திருத்துகிற மனிதர் அவர்.

"எனக்கும் தெரியும்மா" என்றாள் ஷர்மினி, கதவுப் பக்கத்திலிருந்து. "நீங்க பாத்ரூம்ல இருந்தப்ப, தாத்தா சொல்லலாம்னுதான் சொன்னாரு. அப்பாதான், அம்மா இன்னிக்குத்தான் சந்தோஷமா இருக்காங்க, கெடுக்காதீங்கன்னு சொன்னாரு."

மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் எனக்குத் தெரியாமல் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

"என் வேலை போனாலும் பரவாயில்லை, நான் கத்தாம இருந்தா போதும். அதானே?"

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ரூபேந்திரன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"ஆமா" என்றார். "அந்த நேரத்துக்கு அப்படித்தான் தோணுச்சு."

மணி ஒன்பதரை. பதினொன்றுக்குள் மறுபடி சமைக்க முடியாது. வெளிச்சம் போனால் போகட்டும் என்று பசாருக்கு ஓடினேன். மீன், கோழி, கத்தரிக்காய் எல்லாம் மறுபடியும். நான் எதுவும் கேட்கவில்லை, ஆனால் திரும்பி வந்தபோது மாமா வெங்காயம் உரித்து வைத்திருந்தார். ரூபேந்திரன் இலை அறுத்து வந்திருந்தார். வீடு முழுக்க அரிவாள்மனைச் சத்தமும் எண்ணெய்ச் சத்தமும்தான்.

இரண்டு மணிக்குச் சாப்பாடு தயார். வெயில் பின்கதவில் தீயாக விழுந்தது. ரூபேந்திரன் மாமாவின் வெள்ளை வேட்டியை எடுத்து, நாற்காலி மேல் ஏறிக் கதவுக்குக் குறுக்கே விரித்துப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் மெத்தென்று இறங்கியது. மாமா இன்னொரு பக்கம் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் நிழல் எங்கேயும் விழவில்லை. ஷர்மினி ஈக்கு விசிறினாள். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார்கள். ரூபேந்திரனின் கை நடுங்கி வேட்டி ஆடியபோதுகூட அவர் வாயைத் திறக்கவில்லை. 'கை வலிக்குது வீணா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மூன்றரைக்குப் படம் தேர்ந்தெடுத்தேன். திருப்பவில்லை. நுனி இடது பக்கம் இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தேன். இருந்தது. ஆனால் நேற்றும் நான் ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்தவள்தான். இலை சரி. வேறு என்ன? ரசக் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா? மோர் மிளகாய் எண்ணிக்கை ஏதும் தப்பா? இவ்வளவு நேரம் பார்த்த கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேறு ஒரு கண் வேண்டும்.

ஹேன்போனை ரூபேந்திரனிடம் நீட்டினேன்.

"பாருங்க. எப்படி இருக்கு?"

பார்த்தார். "நல்லா இருக்கு."

"மாமா?"

"நல்லா இருக்கும்மா."

"சும்மா சொல்லாதீங்க. குறை இருந்தா சொல்லுங்க. இன்னும் அரை மணி நேரம் இருக்கு, எடுத்துடலாம்."

"குறை ஒண்ணும் இல்லம்மா" என்றார் மாமா. சொல்லிவிட்டு மகன் முகத்தைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார்? நேற்றும் இப்படித்தானே பார்த்தார்?

"நிஜமாவா?"

"நிஜமாதான் வீணா. அனுப்பு" என்றார் ரூபேந்திரன்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் பார்த்த கண். அதில் இருப்பது உண்மையா, சமாதானமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"ஷர்மினி, நீ சொல்லு. அம்மா கத்த மாட்டேன்."

அவள் படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"கத்த மாட்டேன்னு சொல்றேன்ல!"

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. கிருஷ்ணம்மா அக்கா வீட்டு ஜன்னல் வரைக்கும் போயிருக்கும். ஷர்மினி ஓர் அடி பின்னால் போய், அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கும்மா" என்றாள்.